மொட்டைமாடிக் குழாய் எங்கே முடிகிறது?

(மயிலாப்பூரில் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு அது. நான் மந்தைவெளி, மாம்பலம், அடையாறு என்று நாம் அன்றாடம் நடமாடும் இந்தச் சில மைல்களுக்குள்ளேயே நின்றுகொள்கிறேன். முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது?

யோசித்துப் பாருங்கள். பைக் நிறுத்தும் இடத்தின் பின்சுவரை ஒட்டி அது இறங்கும். பிறகு? தரைக்குள் போகிறதா, தெருவுக்குப் போகிறதா, சாக்கடை மேன்ஹோலுக்குள் போகிறதா? வீட்டுக்கு மின்சாரம் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்பதும் தெரியும். இந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் இந்தக் குழாயின் கீழ்முனையைச் சுற்றித்தான் இருக்கிறது.

2003-ஆம் ஆண்டை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். நகரம் தண்ணீருக்குத் தவித்த வருஷம். அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு அவசரச் சட்டம் போட்டு, தமிழ்நாடு முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் மாதத்துக்குள் முடிக்கச் சொல்லிக் கெடு வைத்தார்கள். கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்கள் மூச்சுவிட நேரமில்லை. பி.வி.சி. குழாய் கிடைக்காமல் கடை கடையாக அலைந்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் முழுவதும் இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி ஒரு வேலையைச் செய்து காட்டியது பெரிய சாதனை. அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்துக்கு நம் பேட்டையிலேயே ஒரு முன்கதை உண்டு. 2002-ல் மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை மையம் திறக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் இயற்பியல் படித்த சேகர் ராகவன். தொண்ணூறுகளிலேயே பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் விழும் மழையைத் தெருவுக்கு விடாதீர்கள், மண்ணுக்கு விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். கதவைத் திறந்தவர்களும் திறக்காதவர்களும் இருந்திருப்பார்கள். ஒரு மனிதர் தெருத் தெருவாகக் கேட்டுத் திரிந்த விஷயம் சில ஆண்டுகளில் மாநிலச் சட்டமானது.

2005-ல் நல்ல மழை பெய்தது. கிணறுகளில் தண்ணீர் ஏறியது. எல்லோரும் நிம்மதியடைந்தோம். அதோடு அந்தக் குழிகளைத் திறந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டோம்.

கடந்த கோடையில் மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்படி ஒரு குழியைத் திறக்கும்போது கூட நின்றேன். கான்கிரீட் மூடியில் இரும்பு வளையம் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உள்ளே முதலில் தெரிந்தது கறுப்பு மண். மண் என்றுகூடச் சொல்ல முடியாது, இருபது வருஷத்து வேப்பிலைச் சருகும் மாடியிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய அடை. அதில் இரண்டு பால் கவர், ஒரு ஷாம்பு பாக்கெட். நாலு விரல் ஆழம் சுரண்டிய பிறகுதான் ஜல்லி தெரிந்தது. ஜல்லிக்கு இடையில் பக்கத்து மரத்தின் வேர் சல்லடையாகப் பின்னிக் கிடந்தது. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். வெகுநேரம் அப்படியே நின்றது. மழைக்காலத்தில் அந்தக் குழி நிரம்பி வழிந்து எல்லாம் தெருவுக்குப் போயிருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் அந்தக் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு உண்டு.

அன்று இரண்டு ஆட்கள் அரை நாளில் வேலையை முடித்தார்கள். அடையை வாரி வெளியே போட்டு, ஜல்லியைக் கழுவி, வேரை வெட்டி, புது மணல் நிரப்பி, குழாயின் வாயில் ஒரு வலை கட்டினார்கள். செலவு ஓரிரண்டு லாரித் தண்ணீர் விலைக்குள் அடங்கியது. மறுபடி பக்கெட்டை ஊற்றியபோது தண்ணீர் சர்ரென்று இறங்கியது.

இன்னொரு வகைக் கட்டடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே குழியே தூர்ந்து, மாடிக் குழாயை யாரோ சாக்கடை மேன்ஹோலோடு சேர்த்துவிட்டிருப்பார்கள். மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்காது, பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்கும் அளவுக்குப் போடப்பட்டதல்ல. நாற்பது வீட்டு மாடித் தண்ணீர் அதில் ஒரே நேரத்தில் இறங்கினால், தெருவின் தாழ்ந்த பக்கத்தில் தரைத்தளத்தில் இருப்பவர் வீட்டுக் குளியலறையில் சாக்கடை மேலே வரும். நல்ல தண்ணீர் கழிவோடு கலந்து வீணாவது ஒருபுறம், அடுத்தவர் வீட்டுக்குள் சாக்கடையை ஏற்றுவது மறுபுறம். இதைச் செய்தவருக்கு இது தெரிந்திருக்காது. தெரியவைப்பது நம் கடமை.

மயிலாப்பூர், மந்தைவெளி, பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் காலடியில் பெரும்பாலும் மணல். மணலில் மழை வேகமாக இறங்கும், அது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் கிழக்கே கடல். கடல்நீர் நிலத்துக்கு அடியிலும் பரவி நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, அதனால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே டச்சுப் பொறியாளர் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கணக்கிட்டுச் சொன்னார்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாம் போர்வெல் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழிருந்து உப்பு 40 அடி மேலே வர இடம் கொடுக்கிறோம். போர்த் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது என்றதும் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் ஆழமாகப் போர் போடுகிறோம். கடலோரத்தில் அது உப்பை நோக்கிப் போவதுதான். கரிப்பைத் தள்ள ஒரே வழி மேலிருந்து நல்ல தண்ணீரை ஊற்றுவது. அந்தத் தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நம் மொட்டைமாடியில் காசில்லாமல் வந்து விழுகிறது.

எவ்வளவு விழுகிறது? கணக்கு எளிது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300, 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். ஆவியானது, வழிந்தது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். இரண்டு கிரவுண்டில் கட்டிய அடுக்குமாடிக்கு 2,500 சதுர அடி மாடி இருந்தால், 10 சென்டிமீட்டர் கொட்டும் ஒரே இரவில் 23,000 லிட்டர் இறங்கும். 12,000 லிட்டர் லாரி இரண்டு வந்து நின்றதற்குச் சமம்.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும். அந்த ஜூனில் அவற்றில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மெட்ரோ வாட்டர் ஒரு நாளைக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்ததை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. நம் தெருக்களில் அடிபம்பைச் சுற்றி வரிசை வரிசையாகக் குடங்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து காவிரித் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். தாகத்தில் இருக்கும் ஊர் அப்படித்தான் வரவேற்கும், அதில் தவறில்லை. அந்த ரயிலில் வந்தது 25 லட்சம் லிட்டர். நான் சற்றுமுன் சொன்ன 1,000 சதுர அடி மாடிகள் 25 சேர்ந்தால் ஓராண்டில் மண்ணுக்குள் இறக்கக்கூடிய தண்ணீர் அது. 25 மாடி என்பது மயிலாப்பூரில் ஒரு சிறு தெரு. 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு ரயில் கொண்டுவந்ததை ஒரு சிறு தெரு தன் வாசலிலேயே வைத்துக்கொள்ள முடியும். இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்தது. அதே ஊர், அதே வானம்.

தியாகராய நகரின் கதை வேறு. அங்கே மண்ணும் வேறு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்று அழைத்தார்கள், படகுப் போட்டிகூட நடத்தினார்கள். 1920-களில் நகரம் விரிந்தபோது ஏரியை வடித்து மனை போட்டு, சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரை வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வீடு கட்டக் கொடுத்தவர்களைக் குறைசொல்லி இப்போது பயனில்லை. ஆனால் ஏரியின் தரை தாழ்வானது, பல இடங்களில் களிமண். தண்ணீருக்கு அந்த இடம் பழக்கமான இடம். 2021 நவம்பரில் ஜி.என். செட்டி ரோட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் நாள்கணக்கில் நின்ற தண்ணீர் வழி தெரியாமல் வந்ததல்ல.

அந்தத் தண்ணீர் வடிய இருக்கும் முக்கியமான வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் ஆரம்பித்து, தி.நகர் நடுவே ஓடி, நந்தனம் அருகே அடையாற்றில் சேர்கிறது. அதன் மேலுள்ள பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று குனிந்து பாருங்கள். துணிக்கடைப் பைகள், தண்ணீர் பாட்டில்கள், கட்டட இடிபாடு. மழைநீர் வடிகால் எத்தனை கோடியில் போட்டாலும், அதன் வாயில் ஒரு கேரி பேக் விரிந்து ஒட்டிக்கொண்டால் போதும்.

ஒரு விஷயத்தை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு இருப்பவர்கள் ஏமாறும் இடம் அது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. இதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையாகவும் கடைகளில் பரிசுப் பையாகவும் துணிமாதிரி ஒரு பை வருகிறது. கையில் வாங்கினால் மெத்தென்று இருக்கும், பல வண்ணங்களில் இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருத்தித் துணி என்றால் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓடும். இதில் நூலே இருக்காது, சின்னச் சின்னப் புள்ளியாக அழுத்திய தடம் மட்டும் தெரியும். அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தடைசெய்யப்பட்ட 14-ல் அதுவும் ஒன்று. சில மாதம் வெயில் பட்டால் தூள் தூளாக உதிர்ந்து மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள். காடாத் துணிப் பை இரண்டு ரூபாய் கூடுதலாக இருக்கலாம். அதை வாங்கிய வீட்டில் பத்து வருஷம் காய்கறிக்குப் போகும்.

குப்பையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைவிட்டு விலகிப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நம் பகுதிக் குப்பை போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே எழுந்தது. தென்சென்னையின் மழையை உறிஞ்சி வைத்து மெதுவாக விடும் நிலம் அது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது, உலகமே பாதுகாக்க வேண்டிய நிலம் என்று ஏற்றுக்கொண்டது. அந்த நிலத்தின் மேல்தான் பல்லாண்டுகளாக நம் வாழைப்பழத் தோலும் மீந்த சாம்பாரும் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போடப்பட்டுப் போய் விழுந்தன. அழுகி வடியும் கறுப்பு நீர் சதுப்பு நீரில் இறங்கியது. இப்போது மாநகராட்சி அந்த மேட்டைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையைச் செய்துவருகிறது. மக்கியது தனி, பிளாஸ்டிக் தனி, கல் தனி. பெரும் செலவு பிடிக்கும் அந்த வேலை, நம் சமையலறையில் இரண்டு கூடை வைத்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

நம் வீடுகளில் காலையில் பேட்டரி வண்டி வரும்போது கொடுக்கிறோமே, அதை வாங்குபவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கலந்து கொடுத்த கவரை அவர் அங்கேயே பிரிக்கிறார். சானிட்டரி நாப்கினும் உடைந்த கண்ணாடியும் மீன் செதிலும் ஒன்றாக இருக்கும் கவரை. நாம் செய்ய மறுத்த அரை நிமிஷ வேலையை இன்னொரு மனிதர் தன் விரல்களால் செய்கிறார். பிரித்துக் கொடுக்க முடியாத அளவுக்கு நேரமில்லை என்று யாராவது சொன்னால், அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் நிற்கும்போது எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்து வரும். வீதி முழுக்க நீர்மோர், பானகம், புளியோதரை, சுண்டல் என்று கேட்காமலே கையில் கொடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய கொடை உள்ளம் உள்ள ஊர் இது. சாயங்காலம் அதே வீதியில் மழை பெய்தால் கோயில் குளத்துப் பக்கம் ஓடிவருவது நீர்மோர் குடித்து எறிந்த கோப்பைகள். பேப்பர் கப் என்று வாங்குகிறோம், உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. பந்தல் போடும் அன்பர்களில் சிலர் தொன்னைக்கும் பாக்கு மட்டைக்கும் மாறியிருக்கிறார்கள். எவர்சில்வர் டம்ளர் வைத்துக் கழுவித் தருபவர்களும் உண்டு. அவர்களைத் தேடிப் போய் நன்றி சொல்லுங்கள். அடுத்த வருஷம் பக்கத்துப் பந்தலும் மாறும்.

அடையாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கழிவுநீர் அதில் கலப்பதைத் தடுப்பது அரசின் வேலை. அதைக் கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சதுப்பு நிலத்தில் கட்டடங்களை எழுப்ப அனுமதித்ததற்கும் நாம் பொறுப்பல்ல. தனிமனிதர் பொறுப்பு என்று பேசி, பெரிய குற்றங்களை மறைக்க நான் துணைபோக மாட்டேன். ஆனால் சரிசெய்தால் சரியாகும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கரை மீட்டு, 2011-ல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று தொல்காப்பியப் பூங்கா என்று நாம் அறிவது அதுதான். பறவைகள் திரும்பி வந்தன. அதுவும் தானாக நிலைக்காது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் கடலின் ஏற்றம் உள்ளே வராது, வராவிட்டால் கழி தேங்கி நாறும். மேட்டை வெட்டிவிட்டபடியே இருக்க வேண்டும்.

இனி, வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன், செப்டம்பரிலேயே, மாடியைக் கூட்டிச் சருகை அள்ளுங்கள். குழாயைத் தொடர்ந்து போய் அதன் முனையைக் கண்டுபிடியுங்கள். சாக்கடையில் முடிந்தால் அன்றே வெட்டிவிடுங்கள். குழியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். பழைய கிணறு இருந்தால், தயவுசெய்து அதை மூடிக் கார் நிறுத்தாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள், அதைவிட நல்ல சேகரிப்பு கிடையாது. தரையில் ஓடிவரும் தண்ணீரை மட்டும் கிணற்றிலோ போரிலோ விடக்கூடாது. அதில் வண்டி எண்ணெயும் நாய் அசுத்தமும் இருக்கும், அதை மணல் குழியில்தான் இறக்க வேண்டும். முதல் மழையை வெளியே விட்டு மாடியைக் கழுவிக்கொள்ளுங்கள். தி.நகர் பக்கம் களிமண் உள்ளவர்கள் மேலோட்டமான குழியை நம்ப வேண்டாம், களியைத் தாண்டி மணல் வரை போகும் உறை கிணறு போடுங்கள். கொசு வருமே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இயங்கும் குழியில் சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். கொசு வளர்வது அடைத்துக்கொண்ட குழியில்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விடுங்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. வீடு துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும்.

கடைசியாக அசோசியேஷன் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆண்டுக் கணக்கில் லிஃப்ட் பராமரிப்புக்கு ஒரு வரி இருக்கிறது, ஜெனரேட்டருக்கு ஒரு வரி இருக்கிறது, வாட்ச்மேன் சம்பளத்துக்கு ஒரு வரி இருக்கிறது. மழைநீர்க் குழி சுத்தம் என்று இன்னொரு வரி சேருங்கள், ஆண்டுதோறும் செப்டம்பர் என்று மாதத்தையும் எழுதிவையுங்கள். செயலாளர் மாறினாலும் வீட்டுக்காரர் மாறினாலும் அந்த வரி நிற்கும். வாடகைக்கு இருப்பவர்கள் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம், லாரித் தண்ணீருக்குப் பங்கு கொடுப்பது நீங்களும்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். குழியைத் திறந்து பார்க்கத் தெரியவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்றால், அதைச் செய்து பழகிய பிளம்பர்கள் இருவர் இங்கே வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே போகும்போது அவர்களிடம் நாள் குறித்துக்கொண்டு போங்கள்.